அனுப்புநர் பெயருக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

காந்திகிராமத்தில் கணினி மையம் நடத்துகிறேன். சின்னாளபட்டி, அம்பாத்துரை வட்டாரப் பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை என்று எதற்கும் இங்குதான் வருகிறார்கள். சேர்க்கை நேரத்தில் ஒரு மாணவி செல்போனை நீட்டி, “அண்ணே, காலேஜ் அட்ரஸ்லருந்துதான் வந்திருக்கு, கட்டிரலாமா?” என்றார். புதிய வங்கிக் கணக்கில் அன்றே பணம் கட்டச் சொன்னது அந்த மின்னஞ்சல். அனுப்புநர் முகவரி எழுத்துப் பிசகாமல் கல்லூரியுடையதே. ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்தேன். அஞ்சலை அனுப்பிய சர்வரைச் சரிபார்க்கும் எஸ்.பி.எஃப். சோதனையில் தேறியிருந்தது சம்பந்தமே இல்லாத ஒரு டொமைன் (இணையப் பெயர்); டிமார்க் என்ற பாதுகாப்புப் பதிவின் வரியே இல்லை. பணம் தப்பியது. ஆனால் அதே கல்லூரியின் உண்மையான அழைப்பு ஸ்பேம் பெட்டியில் கிடந்தது.

கல்லூரி அலுவலகத்தில் சொன்னால் வெப்சைட் பார்க்கும் நிறுவனத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். அவர்களோ மெயில் தங்கள் வேலை இல்லை என்கிறார்கள்.

1982-இல் வகுத்த மின்னஞ்சல் விதிமுறையில், தபால் உறையைப் போல, அனுப்புநர் இடத்தில் யார் பெயரையும் எழுதலாம். இதைத் தடுக்கவே மூன்று பதிவுகள் வந்தன. ஒரு டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல்தான் எஸ்.பி.எஃப்.; அஞ்சலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம் டிகிம். அதைச் சரிபார்க்கும் சாவி, இணையப் பெயர்களின் பொதுப் பதிவேடான டி.என்.எஸ்.-இல் இருக்கும். நம் கண்ணில் படும் முகவரியோடு இவ்விரண்டில் ஒன்றுகூடப் பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். டி.என்.எஸ்.-இல் சில வரிகள் சேர்ப்பதும், அஞ்சல் சர்வரில் கையொப்பத்தை இயக்குவதும்தான் வேலை. உரிமக் கட்டணம் எதுவும் கிடையாது.

அமெரிக்க அரசு தன் சிவில் துறைகள் ஓராண்டுக்குள் டிமார்க்கை, போலி அஞ்சலை ஏற்க மறுக்கும் ‘நிராகரி’ நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2017 அக்டோபரிலேயே ஆணையிட்டது. பெருமளவில் அஞ்சல் அனுப்புவோருக்கு மூன்றையும் கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கின. நம் நாட்டில் நிறுவனங்கள் வணிகக் குறுஞ்செய்தி அனுப்பவே அனுப்புநர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறை. அந்தக் கண்டிப்பு கல்வி நிறுவனங்களின் மின்னஞ்சலுக்கு ஏன் இல்லை?

‘.ஏசி.இன்’ முகவரிகளை வழங்கும் எர்நெட், இம்மூன்று பதிவுகளையும் புதுப்பித்தலுக்கு நிபந்தனையாக்க வேண்டும். உயர்கல்வித் துறை, இணையதளப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் இந்த வேலையையும் அதற்குப் பொறுப்பானவரையும் எழுத்தில் சேர்க்க உத்தரவிட வேண்டும். பெயருக்கு டிமார்க் போட்டு ‘கண்காணிப்பு மட்டும்’ நிலையிலேயே விட்டுவிடுவதும் கூடாது. அந்த நிலையில் அறிக்கை வருமே தவிர, போலி அஞ்சல் நிற்காது. அறிக்கைகளைப் பார்த்து, விடுபட்ட சர்வர்களைச் சேர்த்து, படிப்படியாக ‘நிராகரி’ நிலைக்கு மாற்ற வேண்டும்.

போலி மின்னஞ்சலை நம்பாதீர்கள் என்று நோட்டீஸ் ஒட்டுவதோடு நிறுவனத்தின் கடமை தீர்ந்துவிடாது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளை எதை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்கும்? அடுத்த சேர்க்கை தொடங்கும் முன் இதைச் செய்து முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினி மைய நடத்துநர்,
காந்திகிராமம், திண்டுக்கல் மாவட்டம்.