மருத்துவம் படிக்கும் பெண்ணுக்கு நாய் எதற்கு?

"எம்.பி.பி.எஸ். படிக்கிற பெண்ணுக்கு நாய் ஒரு கேடா?"

அம்மா மண்டபம் பக்கம் காலை நடைக்கு வரும் எங்கள் கோஷ்டியில் போன மாதம் கிளம்பிய கேள்வி இது. ஐந்து கிழவர்கள் கூடினால் ஆறு கருத்து. அங்கே நான் சொன்னதைப் பாதியில் பால்காரர் வந்து கலைத்துவிட்டார். அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் வீதியில் பாட்டி வீட்டில் தங்கி மருத்துவம் படிக்கும் ஒரு பெண், மழைக் காலத்தில் கொள்ளிடக் கரையில் யாரோ விட்டுவிட்டுப் போன நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்துவிட்டாள். மூன்றாம் ஆண்டு. காலையில் காவிரிப் பாலம் தாண்டிப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறாள். வகுப்பில் நூற்றுக்கு 75, செய்முறையிலும் வார்டிலும் 80 சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. இதற்கு நடுவில் நாய்.

நண்பர்கள் சொன்ன ஆட்சேபணைகள் இரண்டு. ஒன்று, படிப்பு கெடும். இரண்டு, நோய் வரும். இரண்டுமே எனக்குப் பெரிதாகப் படவில்லை. படிப்பைக் கெடுப்பது நாய் என்றால், கையிலிருக்கும் செல்போனை என்ன சொல்வது? நோய் என்றால், ஆஸ்பத்திரி வார்டில் வராத நோயா தடுப்பூசி போட்ட நாயிடம் வந்துவிடப் போகிறது? மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் கணக்குப்படி அடுத்தது, அப்புறம் வருடா வருடம். இதை ஒழுங்காகச் செய்தால் பாதிப் பயம் போய்விடும்.

நாய் இனத்துக்கு மருத்துவம் பட்ட கடன் நம் வயதுக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரிய வேண்டும். காலையில் தொப்புளுக்குப் பக்கத்தில் இன்சுலின் குத்திக்கொண்டு நடைக்கு வருகிறவர்கள் எங்கள் கோஷ்டியிலேயே இரண்டு பேர். 1921 கோடையில் டொராண்டோவில் பான்டிங் என்ற டாக்டரும், அப்போதுதான் பட்டம் முடித்திருந்த பெஸ்ட் என்ற மாணவரும் நாய்களின் கணையத்தை எடுத்து ஆராய்ந்துதான் அந்த மருந்துக்கு வழி கண்டார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி. அதற்கு முன்னால் எத்தனை நாய்கள் போயின என்பதை நாம் நினைப்பதில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பாடப் புத்தகத்தில் பாஸ்தர் ஏறக்குறைய ஒரு சாமி மாதிரி. 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு அவர் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்து கொடுத்த கதையை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். அந்த மருந்தை அதற்கு முன்பே நாய்களுக்குப் போட்டுப் பார்த்திருந்தார் என்பதை வாத்தியார் சொன்னதாக ஞாபகம் இல்லை. பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டது. பாஸ்தர் காலமான செப்டம்பர் 28-தான் இன்று உலக வெறிநோய் தினம். நம்மூரில் அந்த மருந்தைக் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 முதல் பார்த்து வருகிறது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றால் நம் தலைமுறைக்கு இப்போதும் உடம்பு நடுங்கும். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து போய், கையில் சில ஊசிகளோடு முடிகிற காலம் வந்தாயிற்று. கடிபட்டதும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை மட்டும் நம் ஆட்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும்தான் முதலில் கைக்கு வருகிறது. நாயோடு பழகிய ஒரு டாக்டர் பெண் அந்தத் தாய்மாரிடம் பேசினால் திட்டாமல் பேசுவாள் என்று நினைக்கிறேன்.

மதிப்பெண் மட்டும் பார்த்து எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோமே. 2016 ஜூலையில் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் நாயை மொட்டை மாடியிலிருந்து வீச, இன்னொருவர் அதைப் படம் பிடித்தார். எலும்பு முறிந்தும் அந்த நாய் பிழைத்தது. பத்ரா என்று பெயர் வைத்தார்கள். அதே வருடம் நவம்பரில் வேலூரில் விடுதிக்குள் வந்த குரங்கு ஒன்று மருத்துவ மாணவர்கள் கையில் செத்தது. 1960-ஆம் வருடத்து வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். ஐம்பது ரூபாய்க்கு இப்போது சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு நல்ல டிபன்கூடக் கிடையாது.

இதற்கு நேர் எதிராக 2022-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் தொடங்கியது. அங்கே படித்த நம் பிள்ளைகளை 'ஆபரேஷன் கங்கா' என்ற பெயரில் பக்கத்து நாடுகள் வழியாக அழைத்து வந்தார்கள். நம் மயிலாடுதுறைப் பெண் ஒருத்தி உஸ்ஹோரோட் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். கேண்டி என்ற பெக்கினீஸ் நாய்க்குட்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று கிடைத்த விமானங்களை விட்டுக்கொடுத்து, நாயோடுதான் வந்து சேர்ந்தாள். இடுக்கி மாவட்டத்து மாணவி ஒருத்தி தன் ஹஸ்கி நாயைத் தோளில் சுமந்துகொண்டு ருமேனியா எல்லைக்கு நடந்தாள். நாய் இல்லாமல் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்ற தருமபுத்திரரைப் பாரதக் கதையில் கேட்டுத் தலையாட்டுகிற நாம், அந்தப் பெண்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது "பைத்தியம்" என்றோம். என் காதால் கேட்டேன்.

வெளிநாட்டிலிருந்து நாய் கொண்டுவரத் தடையில்லாச் சான்று, அது இது என்று ஏகப்பட்ட காகிதம் வேண்டும். அந்த நெருக்கடியில் மத்திய கால்நடைத் துறை, உக்ரைனிலிருந்து வருகிறவர்களின் நாய் பூனைகளுக்கு ஒருமுறை விதிவிலக்காகத் தளர்வு கொடுத்துச் சுற்றறிக்கை விட்டது. குமாஸ்தா வேலையில் எத்தனையோ சுற்றறிக்கைகளைக் கோப்பில் சேர்த்தவன் நான். இதைப் போல ஒன்றை என் மேஜையில் பார்த்ததில்லை.

இவ்வளவு சொன்னதால் எல்லா மருத்துவ மாணவரும் நாய் வளர்க்கலாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் ஆட்சேபணை வேறு. அது கணக்கு.

படிப்பு நாலரை வருடம். ஹவுஸ் சர்ஜன் ஒரு வருடம். முதுநிலை மூன்று வருடம். நடுவில் நீட் பி.ஜி.க்கு உட்கார்ந்து படிப்பது ஒன்றோ இரண்டோ வருடம். ஆக ஒன்பது, பத்து வருடம். நல்லபடியாக வளர்த்தால் ஒரு நாய் பத்திலிருந்து பதின்மூன்று வருடம் இருக்கும். முதலாம் ஆண்டில் வாங்கிய குட்டி, பி.ஜி. முடிக்கும்போது பல் விழுந்த கிழம். இந்தப் பத்து வருடத்தில் அந்தப் பிள்ளை எத்தனை ஊர் மாறும்? கலந்தாய்வில் திருநெல்வேலி கிடைக்கலாம், வடநாடு கிடைக்கலாம். நாய்க்கு இட ஒதுக்கீடு கிடையாது.

கொள்ளிடக் கரையிலும் பைபாஸ் ஓரத்திலும் கழுத்துப் பட்டையோடு திரியும் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். தெருவில் பிறந்த நாய் எப்படியாவது பிழைக்கும். சோபாவில் வளர்ந்தது, குப்பைத் தொட்டியில் சோறு தேடத் தெரியாமல் ஒரு வாரம் அதே இடத்தில் நின்று ஒவ்வொரு வண்டியையும் பார்க்கும். பிறகு காணாமல் போகும்.

அதனால் நண்பர்கள் நாலு பேர் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்கள், பிறந்தநாள் பரிசாக நாய்க்குட்டி வாங்குவதை நான் அறவே ஒப்ப மாட்டேன். நாலு பேர் வளர்க்கும் நாய்க்குக் கடைசியில் ஒருவரும் கிடையாது. அதிலும் சைபீரியா நாயை வாங்கி நம்மூர்க் கத்திரி வெயிலில் மாடி அறையில் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போவது பாவம். விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டுமென்றால் சிப்பிப்பாறையும் கோம்பையும் எங்கே போயின? அவற்றுக்கும் ஓட இடம் வேண்டும் என்பது வேறு விஷயம்.

வீட்டில் பகல் முழுவதும் இருக்கிற ஒரு ஆள், அந்த ஆளின் முழுச் சம்மதம், இந்த இரண்டும் இருந்தால் வளர்க்கட்டும். சம்மதம் என்று நான் சொல்வது, "சரி, கொண்டு வந்துட்டே, இருந்துட்டுப் போகட்டும்" என்கிற சம்மதம் அல்ல. எழுபது வயதில் மூட்டுவலியோடு காலை ஐந்தரைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போவது பாட்டிதான். பேத்தி சான்றிதழ் வாங்கும் வரை பாட்டிக்கும் நாய்க்கும் உடம்பு தாங்க வேண்டும். நம் பிள்ளைகள் நம்மைக் கேட்காமலே நம் முதுமையை ஒதுக்கீடு செய்துவிடுகிறார்கள், பேரப் பிள்ளைக்கு இத்தனை மணி நேரம், நாய்க்கு இத்தனை என்று. இதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

அந்த வீட்டுப் பாட்டியிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன். "ஏம்மா, இது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"கஷ்டம்தான் சார். ஆனா சாயந்திரம் ஆறு மணிக்கு மேலே வாசலையே பார்த்துக்கிட்டு நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். இப்போ ரெண்டு பேரா உட்கார்ந்திருக்கோம்" என்றார்.

பேத்திக்கு அடுத்த மாதம் பரீட்சையாம். குட்டிக்கு இரண்டாவது ஊசி பாக்கி இருக்கிறது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட வருவதாக நான் சொல்லியிருக்கிறேன்.