காஸ் கலந்தால் டீசல் மிச்சமாகுமா?

டீசல் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் கொஞ்சம் எல்பிஜி கலந்துவிட்டால், எரியாமல் வீணாகும் டீசலும் எரிந்து சக்தி கூடும், செலவு குறையும் என்கிறார்கள்.

1. எந்த வீணான டீசல்? நல்ல நிலையிலுள்ள எஞ்சின் சுமையோடு ஓடும்போது 98 சதவீதத்துக்கு மேல் எரித்துவிடுகிறது. மிச்சமுள்ள 2 சதவீதத்துக்குள், அவர்கள் சொல்லும் 20 சதவீதச் சேமிப்பு எப்படி ஒளிந்திருக்கும்? கூடுதல் சக்தி காஸிலிருந்தே வருகிறது: கிலோவுக்குச் சுமார் 46 மெகாஜூல். அதற்கும் காசு கொடுத்தீர்களே, கணக்கில் டீசல் பில் மட்டும் ஏன்?

2. டீசல், பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில்தான் பீய்ச்சப்படுகிறது. காஸோ காற்றோடு முன்பே உள்ளே போய் அழுத்தப்படுகிறது. அளவு மீறினால் டீசல் பற்றியதும் எல்லாம் ஒருசேர எரிந்து அழுத்தம் எகிறும். ஹெட் கேஸ்கெட் போனால் காஸ் கிட் விற்றவர் வருவாரா?

3. காற்றுக் குழாயில் பீய்ச்சும் தண்ணீர்-மெத்தனால் கலவையைக் காஸோடு ஒன்றாக எண்ணாதீர்கள். தண்ணீரின் வேலை குளிர்விப்பது. ஒரு கிலோ ஆவியாகச் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். டர்போவில் சூடேறிய காற்று அடர்த்தியாகும், புகைபோக்கி வெப்பம் இறங்கும். எரிபொருள் மெத்தனால் மட்டுமே, அதுவும் எடைக்கு எடை டீசலில் பாதி வெப்பம்கூடத் தராது. மேட்டில் பாரம் இழுக்கும் டர்போ வண்டிக்கு நான் இந்தக் கலவையைத்தான் சொல்வேன்.

4. நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருளே அல்ல; ஆக்சிஜன் கொண்டுவருவது. கரும்புகை கக்குமளவு டீசல் ஏற்றியவருக்கே பயன்.

5. ஹெச்ஹெச்ஓ கிட்? டீசல் எரித்து ஆல்டர்னேட்டரைச் சுற்றி, அந்த மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து, அந்த வாயுவால் டீசலை மிச்சம் பிடிப்பார்களாம்!