மெதுவான கண்ணாடிக்கு ஒரு வக்காலத்து

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "என்ன ஸ்பீடு?" என்பதைத்தான். எண் பெரிதாக இருந்தால் நல்ல சரக்கு என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தக் கணக்கில் தோற்றுப்போன ஒரு கருவிக்காக இந்த மாதம் வாதாடப் போகிறேன்.

நீங்கள் அனுப்பும் ஈ-மெயில் ஃபைபர் கேபிளில் ஒளியாக ஓடுகிறது. பாதை பிரியும் இடத்தில் சாதாரண ஸ்விட்ச் என்ன செய்கிறது? ஒளியை மின் சிக்னலாக மாற்றி, விலாசம் படித்து, மறுபடி ஒளியாக்கி அனுப்புகிறது. மெம்ஸ் ஸ்விட்சில் இந்த மாற்று வேலையே கிடையாது. சிலிக்கானில் செதுக்கிய கடுகு போன்ற கண்ணாடிகள்தான் இருக்கும். வோல்டேஜ் கொடுத்தால் கண்ணாடி சாயும். ஒளி வேறு ஃபைபருக்குள் போய் விழும். வேண்டுமென்றே சற்று விலக்கிச் சாய்த்தால், ஒளியில் ஒரு பகுதி மட்டுமே உள்ளே போகும். ரேடியோவில் வால்யூமைக் குறைப்பது மாதிரி. இதற்கு அட்டெனுவேட்டர் என்று பெயர். ஒரே ஃபைபரில் போகும் பல நிற ஒளிகளில் ஒன்று மட்டும் பலமாக இருந்தால், அதை மற்றவற்றுக்குச் சமமாக்க இது உதவுகிறது.

2000-ல் இதற்கு இருந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. எக்ஸ்ராஸ் என்ற சிறிய கம்பெனியை வாங்க நார்டெல் 325 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைத் தர முன்வந்தது. லூசென்ட், 256 ஃபைபர்களை 256 ஃபைபர்களோடு இணைக்கும் 'லாம்ப்டா ரூட்டர்' கொண்டுவந்தது. தொலைத்தொடர்புச் சந்தை சரிந்தது. 2002-ல் லூசென்ட் அதைக் கைவிட்டது. கண்ணாடிக் கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

'ரூட்டர்' என்று பெயர் வைத்ததே தப்பு என்பேன். ரூட்டர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வழி பார்க்க வேண்டும். கண்ணாடி திரும்பவே சில மில்லி செகண்ட் ஆகும். அந்த ஓட்டப்பந்தயத்தில் அதை இறக்கியிருக்கவே கூடாது.

அதன் பலம் வேறு. ஒளிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணாடி பார்ப்பதில்லை. 10 கிகாபிட் ஆனாலும் 400 கிகாபிட் ஆனாலும் அதற்கு ஒன்றுதான். இரு முனைக் கருவிகளையும் மாற்றினாலும் நடுவில் இருப்பதைத் தூக்கி எறிய வேண்டாம். டேட்டா சென்டருக்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கே கம்ப்யூட்டர் வரிசைகளுக்கு இடையிலான ஒளிப் பாதையை எப்போதாவதுதான் மாற்றுகிறார்கள். சில மில்லி செகண்ட் தாமதம் ஒரு பொருட்டே அல்ல.

கூகுள் தன் 'பலோமர்' கண்ணாடி ஸ்விட்ச் பற்றி 2022-ல் விவரம் வெளியிட்டது. 4096 டிபியு-வி4 சிப்களை இத்தகைய ஸ்விட்சுகளால் இணைத்த சூப்பர் கம்ப்யூட்டரில், ஒளி இணைப்புக்கான செலவு மொத்தத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு, மின்சாரம் 3 சதவீதத்துக்கும் குறைவு என்று 2023-ல் சொன்னது.

குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இத்தனை கண்ணாடிகளையும் பழுதில்லாமல் செதுக்குவது இன்றும் லேசுப்பட்ட வேலை அல்ல. பலோமரில் 176 கண்ணாடிகளைச் செதுக்கி, நன்றாக வந்த 136-ஐ மட்டும் பயன்படுத்துகிறார்கள். மீதி 40 சும்மா கிடக்கிறது.