குறுந்தகடு இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை



இரண்டு மாதமாக நான் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. "உடம்புக்கு என்ன ஐயா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு குறுந்தகட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையையும், அதிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவையும் இன்று எழுதுகிறேன். பதிவு நீளம்தான். பழைய தமிழையாவின் வகுப்பு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியின் வெள்ளிவிழா மலர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2003இல் வெளிவந்தது. அதில் பாதிப் பக்கங்கள் சமூக அறிவியல் ஐயாவின் உழைப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "போய் உங்க பாட்டிகிட்ட கேட்டு எழுதிட்டு வாங்க" என்று அனுப்பினார். எளாவூர், ஆரம்பாக்கம், மாதர்பாக்கம், கவரைப்பேட்டை என்று சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் எழுதி வந்தார்கள். சிப்காட் வருவதற்கு முன் எந்த நிலத்தில் என்ன விளைந்தது, எந்த ஏரிக்கு எந்தக் கால்வாயில் தண்ணீர் வந்தது, கலங்கல் எங்கே இருந்தது, மதகு எத்தனை, களத்துமேட்டுக்கு என்ன பெயர், பழவேற்காட்டு டச்சுக் கல்லறையைப் பற்றி ஊரில் என்ன சொல்கிறார்கள், எல்லாம் அதில் இருந்தது.

ஐயா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் மகள் என்னிடம் வந்து, "அப்பா எழுதினதுல அந்த மலர் ஒண்ணுதாங்க அச்சுல வந்தது. ஒரு பிரதி இருந்தா குடுங்க, மாமா" என்று கேட்டது. என் பிரதி 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப்போனது. பள்ளியில் தேடினோம், கிடைக்கவில்லை. ஆனால் பீரோவின் அடித்தட்டில் ஒரு குறுந்தகடு இருந்தது. ஜி.என்.டி. சாலையில் அன்று இருந்த டி.டி.பி. கடைத் தம்பி, "பத்திரமா வச்சுக்கங்க ஐயா, எல்லாம் இதுல இருக்கு" என்று கொடுத்தது. உறை மேல் என் கையெழுத்திலேயே தேதி. நான் நிம்மதியாகிவிட்டேன். "கிடைத்துவிட்டதம்மா" என்று அன்றே போன் செய்து சொல்லியும் விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

முதல் தடை, தகட்டைப் போட வழியில்லை. இன்றைய மடிக்கணினிகளில் அதற்கு இடமே கிடையாது. பேரன் ஒரு வெளிக் கருவி வாங்கி வந்தான். தகடு சுழன்றது. கோப்பு தெரிந்தது. திறக்கவில்லை. அது பேஜ்மேக்கர் கோப்பு. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் கல்யாணப் பத்திரிகை முதல் கட்சி நோட்டீஸ் வரை அதில்தான் வடிவமைத்தார்கள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதற்குப் பிறகு அந்த மென்பொருள் வளரவில்லை.

திருவள்ளூரில் ஒரு கடையில் பழைய கணினியில் இன்னும் அதை வைத்திருப்பதாக ஒரு மாணவர் சொன்னார். போனேன். கோப்பு திறந்தது. திரையில் தமிழ் இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. கடைக்காரர் பார்த்தவுடன் சிரித்தார். "பாமினி சார்" என்றார். எழுத்துரு இல்லாவிட்டால் அப்படித்தான் தெரியுமாம்.

இதை நீங்கள் புரிந்துகொள்வது முக்கியம். அந்த நாளில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தின் முகத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் தமிழ் முகத்தை வரைந்து வைத்தார்கள். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்தின் எண்தான். வேடம் போட்டால் தமிழ், வேடம் கலைந்தால் ஆங்கிலம். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக வேடம் போட்டது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அந்த ஆண்டே டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு ஏற்றது. ஒருங்குறி என்கிற யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. 2010இல்தான் அரசு ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. நம் மலர் இந்த இடைப்பட்ட காலத்துப் பிள்ளை. அந்தக் காலத்தில் உங்களில் பலர் வீட்டில் தட்டச்சு செய்து வைத்த கவிதை, ஆய்வேடு, தாத்தாவின் வாழ்க்கைக் குறிப்பு எல்லாமே பெரும்பாலும் இந்த ரகம்தான்.

எழுத்துருவை நிறுவியதும் தமிழ் வந்தது. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் கேலி செய்யாதீர்கள். ஆனால் அது முடிவில்லை. அந்தப் பழைய கணினி போய்விட்டால் மறுபடி இதே கதைதான். எனவே எழுத்தை மட்டும் வெளியே எடுத்து ஒருங்குறிக்கு மாற்றினோம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி என்று எதிலிருந்து மாற்ற வேண்டும் என்று கேட்கும். தவறாகத் தேர்ந்தால் குப்பை மாறி வேறு குப்பையாகும். ஒரே ஒரு தலைப்பை மட்டும் முதலில் மாற்றிப் பார்த்துவிட்டு முழுவதையும் மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு வரும் பிழைகள் தனி ரகம். பாமினியில் ‘கெ’ எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம். ஒருங்குறியில் முதலில் ககரம், பிறகு கொம்பு. அதை மாற்றி வேண்டியது மென்பொருளின் வேலை, பெரும்பாலும் செய்துவிடுகிறது. ஆனால் தட்டச்சு செய்தவர் கால் போட வேண்டிய இடத்தில் ரகரத்தைப் போட்டிருந்தால், பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக அடித்ததும் அப்படியே. இடையிடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதியிருந்த சொற்களும் தமிழாக மாறிப் பிதற்றலாக நின்றன. மலர் முழுவதையும் வரிக்கு வரி படித்துத் திருத்த எனக்கு மூன்று வாரம் ஆனது. நாற்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை, சலிக்கவில்லை.

பிறகு புதிதாக வடிவமைக்க இன்டிசைனில் போட்டால், மறுபடி கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. கடைக்காரர் எழுத்துருவைக் குறை சொன்னார். நான்கு எழுத்துருவை மாற்றியும் அதேதான். கடைசியில் பெங்களூரில் இருக்கும் நம் மாணவி ஒருவர் தொலைபேசியிலேயே தீர்த்து வைத்தார். பத்தி அமைப்புப் பட்டியலில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஒரு சொடுக்கில் கொம்பெல்லாம் இடத்துக்கு வந்தது. லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதுபோல் ஒன்று உண்டு. அதில் தமிழ் ‘சிக்கலான எழுத்து அமைப்பு’ என்ற பிரிவில் வரும். அதற்கான எழுத்துருவைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சகத்துக்குப் பி.டி.எஃப். அனுப்புமுன் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் எழுத்துருக்கள் உள்ளே பதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

எழுத்து மீண்டது. படங்கள் மீளவில்லை. பேஜ்மேக்கரில் பெரிய படங்கள் கோப்புக்குள் இருப்பதில்லை. வேறு இடத்தில் இருக்கும் படத்துக்கு ஒரு இணைப்புதான் இருக்கும். கடைத் தம்பி தகட்டில் படங்களைச் சேர்த்துப் பதிய மறந்திருக்கிறது. ஐயா பிள்ளைகளோடு ஏரிக்கரையில் நிற்கும் படம், தபால்தலை அளவுக்கு மங்கலாகத் தெரிகிறது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகிறது.

அப்போதுதான் நினைவு வந்தது. 2014இல் ஒரு மாணவர் தன்னிடமிருந்த மலரை முழுவதும் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் போட்டு, வாட்ஸ்அப் குழுவில் இணைப்பு கொடுத்திருந்தார். நாமெல்லாம் கைதட்டினோம். யாரும் இறக்கி வைக்கவில்லை, நானும் சேர்த்துத்தான். "எங்கே போய்விடப் போகிறது?" என்ற எண்ணம். இப்போது அந்த இணைப்பைத் தட்டினால் ‘அனுமதி தேவை’ என்கிறது. அனுமதி கேட்டேன். பதில் இல்லை. மாணவரைக் கண்டுபிடித்துக் கேட்டால், "ஐயா, அது பழைய கம்பெனி ஐடி. வேலையை விட்டதும் எல்லாம் போயிடுச்சு. மலரும் வீடு மாத்தினப்ப எங்கயோ..." என்று தயங்கினார். அவரை நான் குறை சொல்லவில்லை. நாற்பது பேர் இருந்த குழுவில் அவர் ஒருவர்தான் அந்த வேலையைச் செய்தார்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். நாம் ‘பகிர்தல்’ என்று சொல்லிக்கொள்வது பெரும்பாலும் பகிர்தலே இல்லை. ஒருவர் வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். நாம் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம். அவர் வீட்டைக் காலி செய்தால் எல்லாம் போய்விடும். சொந்தக் கணக்காக இருந்தாலும் நிரந்தரம் இல்லை. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023இல் விதி கொண்டுவந்தது. இறந்துபோனவர் தன் கணக்கைத் திறந்து பார்க்கப் போவதில்லையே.

அந்தக் கால ஏடுகளை நினைத்துப் பாருங்கள். உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். கரையானும் ஆடிப்பெருக்கும் தின்றதுபோக எஞ்சியதைப் படிக்க அவருக்குக் கண்ணும் தமிழும் போதும். இந்தத் தகடு ஒரு கீறல் கூட இல்லாமல் இருக்கிறது. ஆனாலும் நாலு பேர் உதவி இல்லாமல் ஒரு வரி படிக்க முடியவில்லை. இருபது வருடத்துக்கே இந்தக் கதி.

மாற்று வழி நம்மிடமே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். தன்னார்வலர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து தட்டச்சு செய்தார்கள். டிஸ்கியில் இருந்ததைப் பிறகு ஒருங்குறிக்கும் மாற்றினார்கள். அதனால்தான் இன்றும் யாரும் திறந்து படிக்கலாம். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்ட வலியை அறிந்த ஈழத்தவர்கள் 2005இல் நூலகம் என்ற இணையக் களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். அதில் பெரிய இலக்கியம் மட்டுமில்லை. பள்ளி மலர்களும் ஊர்ச் சிறு வெளியீடுகளும் இருக்கின்றன. நம் ஊரிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது. அதுவும் 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் சில நாள் முடங்கிப்போனது. ஆகவே ஒரே இடத்தை நம்பவும் கூடாது.

"எதுக்கு ஐயா இவ்வளவு சிரமம்? போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக்கிட்டாப் போதாதா? நாளைக்கு ஏ.ஐ. எல்லாத்தையும் படிச்சிடும்" என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. படமாக இருப்பதைப் படிக்கும் கருவிகள் இப்போதே இருக்கின்றன. டிரைவிலேயே தமிழை ஓரளவு படிக்கிறது. ஆனால் படம் இருந்தால்தானே படிக்கும்? அனுமதி மறுக்கப்பட்ட கோப்பை எந்த அறிவு படிக்கும்? ‘கலங்கல்’ என்று தேடினால் கிடைக்க வேண்டும் என்றால் அது எழுத்தாக இருக்க வேண்டும். பக்கம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும் என்றால் படமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் வேண்டும். கூடவே காகிதத்தில் பத்துப் பிரதியும் வேண்டும் என்பேன்.

எல்லாவற்றையும் பொதுவில் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதியவருக்கு உரிமை இருக்கிறது. ஐயாவின் கட்டுரைகளுக்கு அவர் மகள் சம்மதம் கொடுத்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் எழுதிய குறிப்புகள் பிள்ளைகளுடையவை. அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்கும் நீங்கள். பதினைந்து வயதில் உங்கள் பாட்டி சொல்ல நீங்கள் எழுதியதை ஊர் படிக்கலாமா என்று உங்களைக் கேட்காமல் நான் ஏற்ற மாட்டேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று. 2003இல் பத்தாம் வகுப்பில் அந்த மலருக்கு எழுதியவர்கள், சம்மதமா இல்லையா என்று எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரை எடுத்துவிடுகிறேன்.

இரண்டு. உங்கள் வீட்டுப் பரணிலோ, அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியிலோ அந்த மலர் இருக்கிறதா என்று இந்த ஞாயிறு பாருங்கள். இருந்தால் 41ஆம் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். ஐயா ஏரிக்கரையில் நிற்கும் படம் அதில்தான். அவர் மகளிடம் "கிடைத்துவிட்டது" என்று சொல்லி வாக்கு கொடுத்தவன் நான்.

மூன்று. உங்களிடம் பழைய தகடு, பழைய கோப்பு, யாரோ அனுப்பிய இணைப்பு எது இருந்தாலும் இன்றே திறந்து பாருங்கள். திறந்தால் இறக்கி வையுங்கள். திறக்காவிட்டால் இப்போதே சொல்லுங்கள். உதவ ஆள் இருக்கிறார்கள், அந்தப் பழைய கணினியும் இன்னும் ஓடுகிறது. இன்னும் ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் இரண்டும் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

அந்த மலரில் ஒரு பெண்பிள்ளை எழுதியிருக்கிறது: தன் ஊர் ஏரிக்கு மூன்று மதகு இருந்ததாம், மூன்றுக்கும் பெயர் இருந்ததாம். அந்தப் பெயர்கள் இன்று அந்த ஊரிலேயே யாருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். திருத்தும்போது அந்த வரியில் மட்டும் மாற்றம் சரியாக வராமல் இரண்டு பெயர் சிதைந்து நின்றது. பழைய கோப்பில் எழுத்தெழுத்தாகப் பார்த்து மீட்டேன். அந்தப் பிள்ளை இதைப் படித்தால், நான் எழுதியது சரிதானா என்று ஒரு வார்த்தை சொல்லம்மா.

அன்புடன்,
உங்கள் தமிழையா