மலைநாட்டுக்கு மரம் திரும்புமா?

காட்டை அழித்து நாடாக்கியதைக் கரிகாலனின் பெருமைகளுள் ஒன்றாகப் பட்டினப்பாலை பாடிற்று. காடு மிகுந்து கழனி குறைந்திருந்த அந்நாளுக்கு அது பெருமைதான். நம் மலைநாட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காடு அழிந்தது. ஆயின் அது நாடாகவில்லை, தோட்டமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவெனக் கொண்டது. அவை கோப்பித் துரைமாருக்கு விலைப்பட்டன. கண்டிக் கிராமத்தான் தன் சேனை நிலத்தை இழந்தான். தமிழகத்திலிருந்து கால்நடையாய் வந்த தொழிலாளி அக்காட்டை வெட்டிச் சாய்த்தான். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை மாய்க்க, தேயிலை வந்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளையேனும் விட்டுவையுங்கள் என்று தாவரவியலறிஞர் ஹூக்கர் 1873இலேயே எச்சரித்தார். அன்று அதைச் செவிமடுத்தோர் சிலரே.

1956இல் இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 விழுக்காடு காடாக இருந்தது. 2010ஆம் ஆண்டுக் கணக்கில் அது முப்பதுக்கும் குறைவு. இக்குறைவைத் தோட்டங்களின் மேல் மட்டும் சுமத்துதல் நியாயமன்று. குடியேற்றத் திட்டங்களுக்கும் மகாவலித் திட்டத்துக்கும் பலியானது தாழ்நிலக் காடே. எனினும் ஆறுகள் பிறப்பது மலையில். கிருலப்பனைச் சந்தையிலே லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும் பேரம் பேசி வாங்கும் நாம், அவை விளைந்த சரிவை எண்ணிப் பார்ப்பதில்லை. பருவந்தோறும் கொத்தப்படும் அம்மண், மழைக்கு மழை உமா ஓயா வழியே இறங்கி ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் சேறாய்ப் படிகின்றது. மண்ணைப் பற்றிப் பிடிக்க அங்கே மரத்தின் வேர் இல்லை.

மரம் நடவில்லை என்று அரசைக் குறைகூற முடியாது, நட்டது. 1970களிலும் 80களிலும் மலைச்சரிவுகளிலே கரிபியன் பைன் மரங்கள் வரிவரியாய் எழுந்தன. தூரத்தே நின்று பார்ப்பவர்க்குப் பச்சைதான். அருகே செல்பவர்க்கோ காலின் கீழ் உலர்ந்த ஊசியிலைகள். வேனிலிலே அவை தீப்பற்றும். அங்கே ஆட்டுக்குத் தழையில்லை, கூடு கட்டக் குருவியில்லை. ஊற்று வற்றிற்று என்று கிராமத்தார் முறையிட்டனர். கணக்கேட்டில் அதுவும் காடு!

இதற்கு மறுமொழியாக ஒரு முயற்சி ஊவாவிலே பிறந்தது. சூழலியலறிஞர் ரணில் சேனாநாயக்க, 1980களின் தொடக்கத்தில், பண்டாரவளைப் பக்கத்து மிரகாவத்தையிலே நலிந்துபோன நிலத்தில் காட்டை ஒத்த தோப்பு ஒன்றை வளர்க்கத் தொடங்கினார். அவர் வழிகாட்டியாகக் கொண்டவற்றுள் கண்டிப் பகுதியின் வீட்டுத் தோட்டமும் ஒன்று. அதைப் பார்த்தவர்க்கு இவ்வுத்தியை விளக்க வேண்டுவதில்லை. உயரத்தே பலாவும் கித்துளும் கமுகும். அடுத்த படியிலே கராம்பும் சாதிக்காயும். அதன் கீழே கோப்பியும் வாழையும். மரத்தைப் பற்றி ஏறும் மிளகு. தரையிலே இஞ்சியும் மஞ்சளும் கிழங்கும். ஒரு படியில் விழாத வெயில் மற்றொரு படியில் விழும். மழைத்துளி நேரே மண்ணை அறையாது இலை இலையாய் இறங்கும். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுப்பதால், தேயிலை விலை சரிந்த ஆண்டிலும் அவ்வீட்டார் பட்டினி கிடப்பதில்லை. பல்கலைக்கழகம் தோன்றுமுன்பே பாட்டன்மார் கண்ட இவ்விஞ்ஞானம் இன்று பிற நாடுகளுக்கும் பாடமாகியுள்ளது. சிங்கராஜ வனத்தின் ஓரத்திலும், பைன் மரங்களிடையே வரிகளை வெட்டி வெளியாக்கி, நாட்டு மரங்களையும் கித்துளையும் ஏலத்தையும் பிரம்பையும் நட்டுப் பயன் கண்டனர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குணதிலக்க தம்பதியரும் அவர்தம் துணைவரும்.

ஆகவே எதை நடுவது, எப்படி நடுவது என்பது தீர்ந்த கேள்வி. யார் நடுவது என்பதே தீராத கேள்வி. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பர். மரம் வைக்க இடமே இல்லாதவன் என் செய்வான்? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழரில் எஞ்சியோர்க்கு அது முழுமையாய்க் கிட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இவ்விரு மாற்றங்களிலும் லயத்துக் குடும்பம் லயத்திலேயே இருந்தது. பிற்காலத்தில் சிலர்க்குத் தனிவீட்டோடு 7 பேர்ச் காணி கிடைத்தது. ஏறத்தாழ 1,900 சதுர அடி! வீட்டைக் கட்டியபின் ஒரு பலாவுக்கு அதில் நிழல் விரிக்க இடமேது?

தோட்டத்தின் ஓரத்திலே சிறு துண்டில் மரக்கறி செய்வோர் பலருளர். அவர்கள் மரம் வையார். சோம்பலினாலன்று. மூன்று மாதப் பயிரை இழந்தால் தாங்கிக்கொள்ளலாம். இருபது ஆண்டு மரத்தை, நாளை துரை வந்து விலகு என்றால் விட்டுப்போக வேண்டிய நிலத்தில் எவன் நடுவான்? உரிமையின்மைக்கும் மண்ணரிப்புக்கும் உள்ள உறவை நம் வன வாரப் பேச்சாளர்கள் கண்டுகொள்வதில்லை. பாடசாலைப் பிள்ளைகளிடம் கன்று கொடுத்துப் படம் பிடிப்பது எளிதன்றோ!

காணியைத் துண்டாக்கினால் தேயிலைத் தொழில் அழியும் என்பர் சிலர். இன்று இலங்கைத் தேயிலையில் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டது சிறு தோட்டக்காரர் நிலங்களில் பறித்த கொழுந்து. அவர்கள் தொழிலை அழித்தார்களில்லை. கண்டிக் கிராமத்தார்க்கும் காணியில்லையே என்பது வேறொரு வாதம். அது உண்மையே; 1951ஆம் ஆண்டுக் கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் அக்குறையை விரித்துரைத்தது. ஒரே சட்டத்தின் விளைவாய் நிலமிழந்த இருவரைப் போட்டியாளராக்காது பங்காளியராக்குவதே முறை. நேபாளம் 1993ஆம் ஆண்டு வனச் சட்டத்தால் மலைக் காடுகளைக் காக்கும் பொறுப்பையும் அவற்றின் வருவாயையும் ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. மொட்டையாய்க் கிடந்த பல குன்றுகள் அங்கே மீண்டும் தழைத்தன.

தோட்டங்களில் மானாப் புல் மண்டிக் கைவிடப்பட்ட சரிவுகள் இன்றும் உள. அவற்றை லயத்தாரும் அயற்கிராமத்தாரும் சேர்ந்த குழுக்களுக்கு, பிள்ளைகளுக்கும் செல்லும் உரிமையோடு வழங்கலாம். பழமும் வாசனைப் பொருளும் மட்டுமன்றி மரமும் நட்டவர்க்கே உரியதென எழுத்திலே உறுதி செய்தல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, தன் முற்றத்துப் பலாவைத் தறிக்கவும் அனுமதி பெற வேண்டும். பலாவைக் காத்த நல்ல சட்டமே அது. ஆயினும் குழு நட்ட தோப்புக்குக் கச்சேரிப் படி ஏறாத எளிய வழி ஒன்று வேண்டும். கம்பனிகளின் 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிகின்றது. அதுவரை காத்திராது, பயிரிடாத சரிவுகளைக் குத்தகையிலிருந்து விடுவிக்கும் பேச்சை அரசு இவ்வாண்டே தொடங்கலாம். நடுகைக்குரிய பருவமழைக்கு முன் ஒரு மாவட்டத்திலேனும் அளவைப் பணியை முடிக்கலாம்.