வீணைக்கும் கலர் பார்க்கணுமா?

மாட்டுங்கா, செம்பூர் பெற்றோர்களே, இன்று உங்களோடுதான் சண்டை. பெண்ணுக்குத் தஞ்சாவூர் வீணை வாங்கும்போது, "குடமும் தண்டியும் ஒரே கலரா?" என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். (வரன் தேடும் புத்தி இங்கேயுமா!)

பலாமரம் அறுத்த புதிதில் மஞ்சள். வெளிச்சமும் காற்றும் பட்டுப் போகப்போகப் பழுப்பேறும். கட்டைக்குக் கட்டை வேறுபடத்தான் செய்யும். சாயம் ஏற்றி ஒன்றாக்கச் சொன்னால் மோசமான ஒட்டும் அதன் கீழே ஒளிந்துகொள்ளும். இயல்பாகவே ஒத்த நிறம் வேண்டுமா? ஒரே கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணைக்குக் காசு எடுத்து வையுங்கள்.

அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969ல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நிறம் மாறியது, கிதார் விற்காமலா போயிற்று?

பளபளக்கும் ஃபைலைப் பார்த்துக் கடன் கொடுக்காத பாங்க்காரன் சொல்கிறேன்: ஒட்டு வீணைதான் என்றால், பாலிஷ் போடுவதற்கு முன்பே போய் மூட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள். கலரை அப்புறம் பேசலாம்.