சாப்பிட்டும் சதை கரைவது ஏன்?

மாமல்லபுரம் கடற்கரையில் வலை இழுத்து உரம் ஏறிய உடம்பையும் புற்று நோய் கரைத்து விடுகிறது. கன்னம் ஒட்டுகிறது. தோள் எலும்பு துருத்துகிறது.

"ஒழுங்காகச் சாப்பிடுவது இல்லை" என்று வீட்டார் குறைப்படுகிறார்கள். நோயாளி மீது குற்றம் இல்லை. சமைத்துப் போடுகிறவர் மீதும் இல்லை.

பட்டினி கிடப்பவரின் உடம்பு பெரும்பாலும் கொழுப்பை எரிக்கும்; சதையைக் கூடியவரை காப்பாற்றும். புற்று நோயில் இரண்டுமே கரைகின்றன.

வரவு 2, செலவு 6!

புற்றுக் கட்டி சர்க்கரையை அரைகுறையாக எரிக்கிறது. 1920-களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் இதைக் கண்டார். இப்படி எரிப்பதால் கட்டிக்குக் கிடைப்பது 2 பங்கு சக்தி. மிஞ்சும் கழிவைக் கல்லீரல் மறுபடியும் சர்க்கரை ஆக்குகிறது. அதற்குச் செலவு 6 பங்கு! இப்படிச் செலவழித்தால் எந்தக் குடும்பம் தாங்கும்?

இது மட்டும் அல்ல. நோயை எதிர்க்க உடம்பில் சுரக்கும் சில பொருள்களே சதையைக் கரைக்கின்றன. சதையின் செல்களில் சக்தி தயாரிக்கும் "மைட்டோகாண்ட்ரியா"வும் பழுதாகிறது. அடுப்பே கெட்டால் விறகு இருந்து என்ன பயன்?

பசியை அடக்கும் "ஜி.டி.எப்.15" என்ற பொருளைத் தடுக்க ஓர் ஊசி மருந்தை 187 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2024-ல் வெளிவந்தது. அதிக அளவு மருந்து பெற்றவர்கள், வெற்று ஊசி பெற்றவர்களைவிட 12 வாரத்தில் சுமார் 2.8 கிலோ கூடுதல் எடை பெற்றார்கள். நல்ல சேதிதான். ஆனால் அது சோதனை.

பத்தியம் வேண்டாம்

"புற்று வளரும்" என்று மீன், முட்டை, பாலை நிறுத்துகிறார்கள். பெரிய தவறு. 50 கிலோ எடை உள்ளவருக்கு நாள் ஒன்றுக்கு 50 முதல் 75 கிராம் புரதம் தேவை. முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் இருக்கிறது. வெறும் கஞ்சியில் இது கிடைக்காது. கடலோரத்தில் மீனுக்கா பஞ்சம்? கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்கலாம். முடிந்தவரை நடக்க விடலாம். நோய் முற்றியவரை மட்டும் கட்டாயப்படுத்தக் கூடாது.

60 கிலோ இருந்தவர் 6 மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் இளைத்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1969-ல் புற்று நோயால் மறைந்த அண்ணாவின் பெயரில் காஞ்சீபுரம் காரப்பேட்டையில் புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர்கள் வீட்டுக்கே வந்தால், எடை குறைந்த கணக்கை அவர்களிடமும் காட்டலாம்.